இடக்கரடக்கலும் ஓர் அறுவை சிகிச்சையும்

நீண்ட பதிவு. நேரமிருப்போர் முழுவதும் படிக்க வேண்டுகிறேன். இல்லாதோர் நடுவிலுள்ள அறுவை சிகிச்சை பற்றிய பகுதியை மட்டுமாவது வீட்டுப் பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசும் சொல்லை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். மங்கலமற்றதை மங்கலச் சொல்லால் குறிப்பது மங்கலம். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது போல. ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்வது குழூஉக்குறி. முதுகலை வகுப்பில் இம்மூன்றையும் தனித்தனி எடுத்துக்காட்டுகளோடு படித்தேன். மூன்றும் ஒரே நோயில் வந்து கூடும் என்பதை என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோதுதான் கண்டேன். உறுப்பின் பெயர் இடக்கர். நோயின் பெயர் அமங்கலம். மருத்துவம் செய்வோர் பேசுவதோ குழூஉக்குறி. இம்மூன்றுக்கும் இடையில் நிற்கும் ஒரு பெண் எந்தச் சொல்லால் தன் உடம்பைப் பற்றிப் பேசுவாள்?

அம்மாவின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். எங்கள் லைனில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ஓர் அக்காவுக்குச் சென்ற மாதம் இதே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கேட்க நினைத்த எதையும் அவர் மருத்துவரிடம் கேட்கவில்லை; மாலையில் அம்மாவிடம் வந்து கேட்டார். அவர் போனபின் அம்மா என்னிடம், “நான் வாயால சொன்னத நீ எழுத்துல போடு பாப்பா. எல்லாரும் எங்கிட்ட வர முடியுமா?” என்றார். இப்பதிவு அவர் சொல்லியது. இடையிடையே வரும் மொழியியல் மட்டும் என்னுடையது.

ஊரைப் பற்றிச் சில சொற்கள் தேவை. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் சுரங்கத் தொழிலை ஏற்றபின் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. என் தாத்தா அதில் இறங்கியவர். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து இறந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சுரங்க மருத்துவமனையும் அதனோடு ஓய்ந்தது. இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் சென்று பெங்களூரில் வேலை செய்து, இருட்டியபின் திரும்புகிற ஊர் எங்களுடையது. அம்மாவும் பல ஆண்டுகளாக ஓர் ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரத்தில் அமர்ந்தவர். தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் குளிக்கும்போது இடப்பக்க மார்பகத்தில் ஒரு கட்டி அம்மாவின் கைக்குத் தட்டுப்பட்டது. அது வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காக மருத்துவரிடம் போகும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. சில வாரம் கழித்து அருகிலுள்ள ஒரு சிறிய மருத்துவகத்துக்குத் தனியே போனார். இருந்தவர் ஆண் மருத்துவர், கன்னடம் பேசுபவர். மார்பகத்தைக் குறிக்கும் கன்னடச் சொல் ‘ஸ்தன’ அம்மாவுக்குத் தெரியும். ஆனால் வாயில் வரவில்லை. ‘எதெ’ என்றார். கன்னடத்தில் எதெ என்றால் மார்பு, நெஞ்சு. மருத்துவரிடம் வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ‘நோவு’ என்பதையும் சேர்த்துக்கொண்டார். ‘எதெ நோவு’ என்றால் யாரும் நெஞ்சுவலி என்றுதான் கொள்வார்கள். இதய மின்வரைபடம் எடுத்தார்கள், சரியாக இருந்தது. வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாத்திரையோடு மூன்று மாதம் போயிற்று.

இதில் எவரையும் குறைசொல்ல நான் எழுதவில்லை. இடக்கரடக்கல் ஒரு சொல்லணி அன்று. அதற்கு விலை உண்டு என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். அம்மா கொடுத்த விலை மூன்று மாதம்.

நோயின் பெயர் மற்றொரு சுவர். கிரேக்கர் இதற்கு நண்டின் பெயரை வைத்தனர். ஆங்கிலச் சொல் இலத்தீன் வழியே அதிலிருந்து வந்தது. தமிழர் கண்டது புற்று: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மண்ணுக்கு மேலே எழும்பி வளர்வது. எங்கள் தெருவில் இரண்டு சொல்லும் ஒலிக்காது. ‘அந்த நோய்’ என்பார்கள். ‘பெரிய வியாதி’ என்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரின் தொடர்ச்சியாகவே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அன்று இந்நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. உலகளாவிய புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். இத்தனை பேருக்கு வரும் நோயைப் பெயர் சொல்லாமலே எத்தனை நாள் கடப்பது?

இனி அறுவை சிகிச்சைக்கு வருகிறேன்.

தங்கவயலிலிருந்து பலர் பெங்களூரின் கித்வாய் புற்றுநோய் மையத்துக்குச் செல்கிறார்கள். 1973 முதல் இயங்கும் அரசு நிறுவனம் அது. அம்மாவுக்குச் சிகிச்சை நடந்தது வேறோர் இடத்தில். பெயர் இங்குத் தேவையில்லை. முதலில் மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தார். அடுத்து மேமோகிராம், ஸ்கேன். அதன்பின் பயாப்சி: மரத்துப்போக ஊசியிட்டு, கட்டியிலிருந்து நூல் போன்ற சிறு துண்டுகளை எடுப்பது. ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்று எங்கள் லைனில் மூன்று பேர் அம்மாவைத் தடுத்தார்கள். பயாப்சியால் நோய் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் துண்டைப் பார்க்காமல் எந்த மருந்து பொருந்தும் என்பதே தெரியாது. ஹார்மோன் ஏற்பிகள் உள்ளனவா, ஹெர்2 என்னும் புரதம் மிகுந்துள்ளதா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. சிலருக்கு முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பிறகே அறுவை செய்கிறார்கள். “எனக்கு ஏன் உடனே ஆபரேஷன் செய்யல?” என்று அஞ்சுவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு எடுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட முறையில் மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றினார். எவ்வளவு மிகுதியாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அன்றைய நம்பிக்கை. பெண்கள் கூடு விழுந்த நெஞ்சோடும் வீங்கிய கையோடும் வாழ்ந்தார்கள். 1948இல் இங்கிலாந்தின் பேட்டி தசையை விட்டுவைக்கும் முறையை விளக்கினார். பின்னர் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் பெண்களைக் குழுக்களாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2002இல் இருவரின் 20 ஆண்டு முடிவுகளும் வெளிவந்தன. தொடக்க நிலை நோயில், கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், முழு மார்பகத்தையும் இழந்தவர்களும் உயிர்பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை. ஆகவே, ‘முழுசா எடுத்துட்டா நிம்மதி’ என்று முடிவுசெய்யுமுன், ‘என் கட்டிக்கு மார்பகத்தைக் காக்கும் அறுவை பொருந்துமா?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அம்மாவின் கட்டி பெரிதாகியிருந்தது. முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று.

அக்குளையும் கேளுங்கள். நாம் பேச்சில் ‘நெறி கட்டியிருக்கு’ என்போமே, அது இந்த நிணநீர்க் கணுக்கள் வீங்குவதுதான். நோய் முதலில் எட்டிப்பார்க்கும் இடம் அது. அங்கு நோய் தென்படாத நிலையில், நீலச் சாயமோ கதிரியக்கக் குறிப்பானோ செலுத்தி, அது முதலில் சென்றுசேரும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. சாயம் ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சை நீலமாக வரலாம், அஞ்ச வேண்டாம். கணுக்களில் முன்பே நோய் உறுதியாகியிருந்தால் பெரும்பாலும் அக்குளைச் சுத்தம் செய்கிறார்கள். அம்மாவுக்கு அவ்வாறே.

ஒப்புதல் படிவம் இரண்டு மொழிகளில் இருந்தது: கன்னடம், ஆங்கிலம். கன்னடத்தை அம்மா பேசுவார், படிக்க மாட்டார். ஒருவர் வேகமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். ஒருவர் ஒரு மொழியைப் பேசுகிறார் என்பதாலேயே அதன் படிவ நடை அவருக்கு விளங்கிவிடாது; சமூக மொழியியல் படித்த எவருக்கும் இது தெரிந்ததே. உங்களோடு வருபவர் ஒருவர் அப்படிவத்தை முதல்நாளே வாங்கி, வீட்டுத் தமிழில் சொல்லிக் காட்டட்டும். என்ன எடுக்கப்போகிறார்கள், எந்தப் பக்கம், எடுத்தபின் கையில் என்ன மாறும் என்னும் மூன்றும் தெளிவான பின்னரே கையெழுத்து.

அறுவை நாளில் வெறும் வயிறு. வளையல், தாலி, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். அம்மாவுக்கு மார்பகத்தை இழப்பதைவிடத் தாலியைக் கழற்றுவதுதான் அன்று பெரிய துயராக இருந்தது. அப்பா அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறுவை இரண்டு மூன்று மணி நேரம். முழு மயக்கம், எதுவும் தெரியாது. எதுவும் தெரியாது என்பது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பரில் பாரிஸில் மயக்கமருந்து ஏதுமின்றி மார்பகம் அகற்றப்பட்டது. அதைத் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1804இல், ஜப்பானின் ஹனவோகா செய்ஷூ மூலிகை மயக்கமருந்து கொடுத்து ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். அச்செய்தி மேற்கே எட்டவில்லை. பர்னி பின்னும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

விழித்தபோது அம்மாவின் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் இருந்தன. காயத்துக்குள் ஊறும் நீரை உறிஞ்சி வெளியே ஒரு டப்பாவில் சேர்ப்பவை. செவிலியர் அதை ‘ட்ரெயின்’ என்றார்: “ட்ரெயின் எடுத்த அப்புறம் சரியாயிடும்.” வாழ்நாள் முழுதும் ரயிலில் போய்வந்த அம்மா, வீட்டுக்கு ரயிலேறச் சொல்கிறார்கள் என்று எண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். சொல்முதலில் ஒலிப்புடை ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் தமிழில் பொருள் வேறுபடுத்துவதில்லை என்று வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன். தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒன்றே.

அந்தக் குழாயோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். அதற்கு ஆயத்தமாக இருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் டப்பாவிலுள்ள நீரை அளந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். முதலில் இரத்தச் சிவப்பாக வரும், பிறகு வெளிறும், பிறகு வைக்கோல் நிறமாகும். ஒரு நாளில் வருவது சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் எடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரம். எடுத்தபின்னும் அங்கே நீர் கோத்துக்கொள்ளலாம், ஊசியால் உறிஞ்சிவிடுவார்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான நைட்டியும், டப்பாவைத் தொங்கவிட ஒரு துணிப்பையும் முன்கூட்டியே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அப்பையைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய ஆலைத் தோழி.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால், தையலைச் சுற்றிச் சிவந்து சூடானால், சீழோ துர்நாற்றமோ வந்தால், நெஞ்சு திடீரென உப்பினால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. அன்றே செல்ல வேண்டும்.

இனி நோவு. ‘நோவு இதெயா அம்மா?’ என்று கன்னடச் செவிலியர் கேட்பார். நோவு என்பது இரு மொழிக்கும் பொதுச்சொல். நகரத் தமிழில் அதன் இடத்தை ‘வலி’ பிடித்துக்கொண்டாலும் எங்கள் ஊரில் இன்னும் ‘நோவுது’ என்றுதான் சொல்கிறோம். அம்மா ‘ஆமா’ என்பார். ‘ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?’ என்பது அடுத்த கேள்வி. அம்மா எல்லா நாளும் ‘அஞ்சு’ என்றார். எல்லா நாளும் ஒரே மாத்திரை வந்தது.

ஆனால் என்னிடம் பேசும்போது அம்மா அஞ்சு என்று சொன்னதே இல்லை. தையல் இடத்தில் ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்றார். மேற்கையின் உட்புறத்தில் ‘மரத்துப் போயி யாரோ கை மாதிரி கீது’ என்றார். சில இரவுகளில் அங்கேயே ‘சுரீர்னு கரண்ட் அடிக்குது’, ‘மொளகாப் பொடி அப்புன மாதிரி எரியுது’. நான்காம் வாரம் கையைத் தூக்கும்போது ‘அக்குளுக்குள்ள ஒரு கயிறு இழுக்குது’. பல மாதம் கழித்து ஒரு நாள், ‘கை பாரமா கீது, வளையல் அழுத்துது’.

ஒரே எண்ணுக்குள் அடங்கிய இவை ஐந்து வேறு நிலைகள். விண்விண் என்பது ஆறும் காயம், நாளடைவில் குறையும். அக்குளைச் சுத்தம் செய்யும்போது மேற்கையின் உட்புறத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு ஒன்று பலருக்கு அறுபடுகிறது அல்லது இழுபடுகிறது. மரப்பு அதனால் வருவது, சிலருக்கு நிலைத்தும் விடும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அம்மா ‘பக்கவாதம் வந்துட்டுதா’ என்று ஓர் இரவு முழுவதும் அழுதிருக்க மாட்டார். சுரீரும் எரிச்சலும் நரம்பு வலியின் சொற்கள். வழக்கமான வலி மாத்திரை அதற்குப் போதாது, அதற்கென வேறு மருந்துகள் உண்டு. கயிறு இழுப்பது உண்மையிலேயே தோலுக்கடியில் கயிறு போலத் திரளும் ஒரு நிலை. அறுவைக்குப் பின் சில வாரங்களில் தோன்றும், பயிற்சியால் பெரும்பாலும் நெகிழும். பாரமும் வளையல் அழுத்துவதும் நிணநீர் வீக்கத்தின் முதல் அறிகுறி. கண்ணுக்கு வீக்கம் தெரியுமுன்பே கை அதைச் சொல்லிவிடும்.

ரொனால்டு மெல்சாக் என்னும் உளவியலாளர் 1975இல் மெக்கில் வலி வினாநிரலை வெளியிட்டார். வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது அது. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதே நோய்க்குறி என்பது அதன் அடிப்படை. தமிழில் வலிக்கு இரட்டைக்கிளவி உண்டு, ஒலிக்குறிப்பு உண்டு, உவமை உண்டு. குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இசிவு, பிடிப்பு, தெறிப்பு என்று தொழிற்பெயர்கள் வரிசையாய் உண்டு. இத்தனை வளமுள்ள மொழியைப் பேசும் பெண் மருத்துவமனையில் நுழைந்ததும் ‘அஞ்சு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குச் சுருங்கிவிடுகிறார். என் ஆய்வுத்தலைப்பு வேறு. ஆயினும் கடந்த இரண்டாண்டுகளில் நான் கற்ற பெரிய பாடம் இதுவே.

அடுத்த முறை நாங்கள் ஒரு தாளோடு போனோம். அம்மா சொன்ன தமிழ்ச்சொல்லை ஒரு பக்கமும், அதற்கு நேரான கன்னடச் சொல்லை மறுபக்கமும் எழுதியிருந்தேன்: எரிச்சலுக்கு உரி, மரப்புக்கு ஜோமு, இழுப்புக்குச் செளெத, பாரத்துக்குப் பார. மருத்துவர் அதை இரு நிமிடம் படித்தார். மருந்து மாறியது. உடற்பயிற்சி மருத்துவரிடம் அனுப்பினார். எரிச்சல் மூன்று வாரத்தில் பாதியாயிற்று.

கையைப் பற்றி இன்னும் சில. அறுவைக்கு மறுநாளே விரல்களை மடக்கி விரிக்கவும், முழங்கையை மடக்கவும், தோளைக் குலுக்கவும் தொடங்கலாம். தோளுக்கு மேல் தூக்குவது குழாய் எடுத்தபின், மருத்துவர் சொன்னபின். சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல ஏறுவது முதன்மையான பயிற்சி. அம்மா எங்கள் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு நாளும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடிட்டார். இரண்டு மாதத்தில் கோடு சாமி படத்தைத் தாண்டியது. வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காதிருந்தால் தோள் இறுகிவிடும். அக்குள் கணுக்களை எடுத்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வருகிறது. தோலில் வெடிப்பு, தீக்காயம், நகச்சுற்று வராமல் காக்க வேண்டும். பாத்திரம் துலக்கும்போது கையுறை நல்லது. அந்தக் கையில் ஊசியும் இரத்த அழுத்தப் பட்டையும் வேண்டாம் என்றே பெரும்பாலான மருத்துவமனைகள் சொல்கின்றன. நினைவூட்டுவது நம் பொறுப்பு. வீங்கத் தொடங்கினால் அழுத்த உறையும் பயிற்சியும் உதவும். நாள் தள்ளத் தள்ளக் கடினம்.

அறுவையில் எடுத்த திசுவின் அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்கேற்பவே மேற்கொண்டு கீமோ, கதிர்வீச்சு, மாத்திரை. கதிர்வீச்சு முன்பு ஐந்து வாரம் கொடுக்கப்பட்டது. இன்று பலருக்கு மூன்று வாரத்தில் 15 முறையாக முடிந்துவிடுகிறது. தினமும் ரயிலில் போய்வரும் ஊருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி என்பதால் அம்மா நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்கிறார்; குறைந்தது ஐந்தாண்டு.

பணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மாதச் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளருக்கு, இரண்டாண்டு தொடர்ந்த வேலையும் தேவையான பங்களிப்பு நாட்களும் இருந்தால், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை உண்டு: சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை. அம்மாவோடு வேலைசெய்த பெண்களில் இதை அறிந்தவர் ஒருவர் கூட இல்லை. வறுமைக்கோட்டு அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, கண்ணாடி. கட்டுப் பிரித்த நாளில் அம்மா பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் குளியலறையில் என்னைக் கூப்பிட்டு, “நீ மொதல்ல பாத்துட்டு எப்டி கீதுன்னு சொல்லு” என்றார். நான் இருப்பதை இருந்தபடி சொன்னேன்: அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை ஒரு கோடு, தையல் தடம், மற்றபடி தட்டையான தோல். “அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டுத் தானே பார்த்தார். அவர் கற்பனை செய்திருந்தது இதைவிடக் கொடியது. எல்லோருக்கும் இப்படி எளிதாக இராது. பல மாதம் பார்க்காமலே இருப்போரும் உண்டு. இல்லாத மார்பகத்தில் அரிப்பும் கனமும் உணர்வோரும் உண்டு. அது மனப்பிறழ்வு அன்று, நரம்பின் நினைவு. ரவிக்கைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் சிலிக்கோனிலும் கிடைக்கிறது, பருத்தி நூலால் பின்னியும் கிடைக்கிறது. அம்மா பழைய பனியன் துணியால் தானே தைத்துக்கொண்டார். எடை சரியாக நிற்க உள்ளே கொஞ்சம் கம்பு வைத்தார்.

ஓராண்டுக்குப் பின் அம்மா வேலைக்குத் திரும்பினார். இப்போது இயந்திரத்தில் இல்லை. ஆடைகளைச் சரிபார்க்கும் மேசையில். ஊதியம் கொஞ்சம் குறைவு. கைக்கு அது தாங்குகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனை. அதற்கு முந்தைய வாரம் முழுதும் அவர் யாரோடும் பேசுவதில்லை. அந்த அச்சம் போகவில்லை. அது போகுமென்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மொழித்துறை நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வட்டார வழக்குச் சொல்லகராதிகளில் மீனுக்கும் நெல்லுக்கும் நாம் தொகுத்த அளவுக்கு நோவுக்குத் தொகுக்கவில்லை. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வலியை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். தமிழ் பேசி வேற்றுமொழி மருத்துவமனைக்குச் செல்லும் மக்கள் தங்கவயலில் மட்டும் இல்லை. மும்பையிலும் திருப்பதியிலும் பாலக்காட்டிலும் இருக்கிறார்கள். அம்மாவின் தாளில் இப்போது 22 சொற்கள் உள்ளன. வேண்டுவோர் உள்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன். பெயர் போடாமல் அச்சடித்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சொல் ‘மார்பகத்தில் கட்டி’. ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அம்மாவிடமும் சொல்லச் சொல்லுங்கள். அவைக்கு ஆகாத சொல் அதில் ஒன்றும் இல்லை.